கறுப்பு நாடா சுற்றிய பேட்டரி

ஒரு பழைய கணினி கார்டு கையில் வந்தால் நான் முதலில் தேடுவது தேதியை. பெரும்பாலான சிப்புகளின் முதுகில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 9026 என்றால் தொண்ணூறாம் ஆண்டின் இருபத்தாறாவது வாரம். ஒரு கார்டில் இருபது சிப்பு இருந்தால் அவற்றில் மிகவும் பிந்திய வாரம் எதுவோ, அதற்குப் பிறகுதான் அந்தக் கார்டு பிறந்திருக்க வேண்டும். தயாரித்தவர் பெயர் அழிந்து போயிருக்கும், கையேடு எங்கும் கிடைக்காது, ஆனால் வாரம் மட்டும் வெள்ளை எழுத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தேன் என்று சொல்லலாம்.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் மழை, வெயில், கரண்டு போன நேரம், வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற பழக்கம் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு மாடியறையில் பழைய கணினிகளும் அவற்றில் செருகுகிற கார்டுகளும் சேர்ந்தன. எங்கெங்கோ இருப்பவர்கள் போனில் படம் அனுப்பி, இது என்ன கார்டு என்று கேட்பார்கள். செருகும் விளிம்பின் நீளம், பின்பக்கத் தகட்டில் இருக்கும் ஓட்டைகள், பெரிய சிப்பு எது, துடிப்பைத் தரும் பளிங்குத் துண்டு எத்தனை மெகாஹெர்ட்ஸ், கடைசியாக அந்த வாரம். இந்த வரிசையில் பார்த்தால் பத்தில் ஒன்பதைச் சொல்லிவிடலாம். சொல்ல முடியாத அந்த ஒன்றுக்காகப் பல நாள் சாப்பாடு ஆறிப் போயிருக்கிறது.

என் மனைவி நல்லேப்பிள்ளிக்காரி. நெல் வயலில் வளர்ந்தவள். மாடியறையை அவள் ஆஸ்பத்திரி என்று சொல்வாள். வருகிற நோயாளி ஒருவரும் திரும்பிப் போனதில்லை என்றும் சேர்த்துச் சொல்வாள்.

எங்கள் தெருவில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் குடியிருந்தார். தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை. இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, கணவர் இறந்த பிறகு கீழே வந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வீட்டில் கல்யாண வேலை என்றால் வந்து உதவுவார். என் மனைவிக்கு அவர் மேல் பிரியம். அவருடைய பேச்சு எங்கள் பேச்சு அல்ல; தெற்கத்திப் பேச்சு. என்னை அண்ணே என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரும், எஸ்டேட்டிலேயே இருக்கும் அவருடைய அண்ணனும் ஆட்டோவில் ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாக்கில் சுற்றியிருந்தது. திரைப்பெட்டி தனியாக ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. அண்ணன் மறுநாள் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவர் சொன்னதை நான் அன்றே நோட்டில் எழுதினேன். எழுதியதை இப்போது படிக்கும்போது, எனக்குத் தேவையானது எல்லாம் அதில் இருந்தது தெரிகிறது.

அவர்கள் எஸ்டேட்டில் மாதா கோயிலுக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். அதன் ஓரத்தில் குழந்தைகளுக்கு என்று ஒரு மூலை. சாலையை அகலப்படுத்த அந்தச் சரிவை வெட்டப் போகிறார்கள். வெட்டுவதற்கு முன் அவரவர் தங்கள் வீட்டாரின் குழியைக் காட்டி, இருப்பதை எடுத்து மேலே புது இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு கடைசி நாள். அடையாளம் காட்டாதவற்றை மொத்தமாக எடுத்து ஒரே குழியில் போட்டுவிடுவார்கள்.

அந்த மூலையில் இவருடைய முதல் குழந்தை இருக்கிறது. பிறந்து மூன்றாம் நாள் இறந்த ஆண் குழந்தை. பிரசவமான பெண் நாற்பது நாள் வெளியே போகக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆண்கள்தான் தேயிலைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தாய் குழியைப் பார்க்கவில்லை. சிலுவையும் நடவில்லை, குழந்தைகளுக்கு ஒரு முளைக்குச்சிதான். இரண்டு மழையில் குச்சியும் போய்விடும்.

அதனால்தான் அங்கிருந்த உபதேசியார் ஒரு வேலை செய்திருந்தார். உபதேசியார் என்றால் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துகிறவர். எஸ்டேட் ஆபீஸில் கழித்துப்போட்ட கணினி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய அடக்கப் புத்தகம் முழுவதையும் அதில் ஏற்றினார். எல்லைத் தூணில் இருந்து டேப் பிடித்து, ஒவ்வொரு குழியும் எத்தனை அடி கிழக்கே, எத்தனை அடி கீழே என்று அளந்து போட்டார். எஸ்டேட்டில் ஒரே பெயர் முப்பது பேருக்கு இருக்கும் என்பதால் பெயர் போடவில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடும் செக்ரோல் நம்பர் போட்டார். குழந்தை என்றால் தாயின் நம்பர். அதற்கு நேரே இறந்த தேதி, அடக்கிய தேதி. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் கல்லறைத் திருநாளுக்குப் பெண்கள் வரிசையில் நின்று நம்பர் சொல்வார்கள். அவர் திரையைப் பார்த்துவிட்டு டேப்போடு இறங்கிப் போய் ஒரு குச்சியை நடுவார். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அடுத்த நவம்பருக்குள் மழையிலும் புல்லிலும் அந்த இடம் மறுபடி தெரியாமல் போகும். புத்தகத்தைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. அச்சிடும் இயந்திரம் அதற்கும் முன்பே போய்விட்டது.

உபதேசியார் இந்தத் தவக்காலத்தில் இறந்துபோனார். திரைப்பெட்டி அதற்கு ஒரு மாதம் முன்பு இறந்திருந்தது.

"ஓடுதுண்ணே," என்றார் அந்தப் பெண். "லைட்டு எரியுது, சத்தம் வருது. படம் மட்டுந்தான் வரல. ஞாயித்துக்கெழம செபம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் போட்டு வைக்கணும்னு உபதேசியாரு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு சம்சாரம் இன்னும் போட்டு வைக்கிறாங்க. போன ஞாயிறும் போட்டாங்க."

நான் தலையாட்டினேன். வெற்றுத் திரையின் முன்னால் ஒரு விதவை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். இறந்தவருக்காகச் செய்கிற ஒரு சடங்காக அதை எடுத்துக்கொண்டேன். நோட்டில் கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 'பக்தி'.

அந்தப் பெண்ணின் செக்ரோல் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். திங்கள்கிழமை வாருங்கள், எத்தனை அடி என்று சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை அந்தக் கணினியை மேசையில் ஏற்றினேன். முப்பது வயதுக்கு மேலான எந்த இயந்திரத்தையும் எடுத்த உடனே கரண்டில் போடக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் முதல் விதி. திறக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், பேட்டரி இருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். பழைய பேட்டரி கசிந்தால் பச்சையாகப் பூத்து, கார்டின் செப்புக்கோடுகளை எல்லாம் தின்றுவிடும். அப்படி இறந்த கார்டுகள் என்னிடமே ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் எழுதுகிற முதல் வரியும் அதுதான்: முதலில் பேட்டரியை வெட்டு.

திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, ஓடுதுன்னுதான அந்தப் புள்ள சொல்லுச்சு? மேல பரண்ல நாலு டிவிப்பொட்டி கெடக்குதுல்லீங்க. அதுல ஒண்ண மாட்டிப் பாத்தா ஆவாதுங்களா?"

அப்படிச் செய்யக்கூடாது, விதி இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன்.

"அப்ப சரிங்க, டாக்டரே. கத்தி வெக்காம உங்களுக்கு ஆவாது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளே மூன்று கார்டுகள். ஒன்று திரைக்கானது, ஒன்று பிளாப்பி டிரைவுக்கானது. இரண்டையும் பார்த்ததுமே சொல்லிவிட்டேன். மூன்றாவது பெட்டியின் முழு நீளத்துக்கும் இருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. பின்பக்கத் தகட்டில் ஓட்டையே இல்லை. அப்படியென்றால் வெளியே இருந்து எதுவும் அதில் சேராது. ஒரே மாதிரியான சிப்புகள் பதினாறு. ஓரத்தில் சாக்கெட்டில் ஒரு சிப்பு, அதன் கண்ணாடிச் சாளரத்தின் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் அரிசி போலச் சின்னதாக ஒரு வெள்ளி உருளை. அது கடிகாரப் பளிங்கு. கைக்கடிகாரத்திலும் அதுவேதான் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்த வயதுக் கணினிகளில் தேதியும் நேரமும் காட்டுகிற கடிகாரம் தனிக் கார்டில்தான் இருக்கும். கூடவே கொஞ்சம் கூடுதல் நினைவகத்தையும் அதே கார்டில் வைத்து விற்பார்கள். ஆகவே இது கடிகாரக் கார்டு. கடிகாரம் ஓடுவதற்கு ஒரு பேட்டரி.

பேட்டரி இருந்தது. தொழிற்சாலையில் வைத்த பேட்டரி அல்ல. கம்பியில்லாத் தொலைபேசியின் ரீசார்ஜ் பேட்டரிக் கட்டு ஒன்றை யாரோ இரண்டு ஒயர்களால் பற்றவைத்து, கறுப்பு நாடா சுற்றி, நூலால் கார்டோடு கட்டியிருந்தார்கள். அதன் ஒரு முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவ்வளவு பாடுபட்டு ஒருவர் கடிகாரத்தை ஓடவைத்திருக்கிறாரே, தேதி மேல் என்னைப் போலவே பைத்தியம் உள்ள ஒருவர் மலையில் இருந்திருக்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நூலை அறுத்தேன். கட்டிங் பிளேயரால் சிவப்பு ஒயரை வெட்டினேன், பிறகு கறுப்பை. நோட்டில் நேரம் குறித்தேன். பத்து மணி நாற்பது.

அன்றும் மறுநாளும் கார்டுகளைச் சுத்தம் செய்வதில் போயின. ஹார்டு டிஸ்க் எங்கே என்ற கேள்வி ஞாயிறு சாயங்காலம்தான் வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் இல்லை. பட்டியல் பிளாப்பியில் இருக்கும் என்று நினைத்து டிரைவைத் திறந்தேன். தலைப்பகுதி முழுவதும் பூஞ்சை. பல வருடமாக ஒரு பிளாப்பியும் அதில் ஓடியிருக்க முடியாது. மலையில் மஞ்சு மூட்டத்துக்கும் மழைக்கும் பிளாப்பிகள் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று எப்போதோ கேள்விப்பட்டது அப்போது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அந்த எஸ்டேட் ஆபீஸ் தன் கணக்கை எதில் வைத்திருந்தது? உபதேசியார் தன் பட்டியலை எதில் வைத்தார்?

கார்டை மறுபடி எடுத்து விளக்கடியில் பிடித்தேன். பதினாறு சிப்புகளின் நம்பரையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். முதல் நாள் வாரத்தை மட்டும் படித்துவிட்டு அதற்கு மேலே இருந்த வரியை விட்டிருந்தேன். அவை சாதாரண நினைவகச் சிப்புகள் அல்ல. மிகக் குறைந்த மின்சாரத்தில், எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிற வகை. மீட்டரை வைத்து, நான் வெட்டிய சிவப்பு ஒயரின் அடிமுனையில் இருந்து தொட்டுப் பார்த்தேன். ஒரு டயோடு வழியாகப் பதினாறு சிப்பிலும் மின்சாரம் வாங்குகிற இருபத்தெட்டாவது காலுக்கும் போனது. பதினாறு முறையும் மீட்டர் கூவியது. கடிகாரத்துக்கும் போனது, கடைசியாக.

அது கடிகாரக் கார்டு அல்ல. டிஸ்க்கே அந்தக் கார்டுதான். சுழல்கிற தட்டு இல்லாத, பூஞ்சை பிடிக்காத டிஸ்க். கணினி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும். ஓடாதபோது பேட்டரி அந்தப் பட்டியலைத் தாங்கிக்கொண்டிருக்கும். பழைய பேட்டரி ஒரு வாரத்துக்குமேல் தாங்காது என்று உபதேசியார் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம்.

திங்கள்கிழமை அந்தப் பெண் வந்தார். இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் படிப்பான் கருவியில் வைத்துப் படித்தேன். எங்காவது ஒரு துண்டு மிச்சம் இருக்காதா என்று அவருடைய செக்ரோல் நம்பரைத் தேடினேன். மணலைப் போலப் பொருளில்லாத எழுத்துகள் மட்டுமே இருந்தன. எல்லாவற்றையும் திரும்பப் பற்றவைத்து, புது பேட்டரி போட்டு, பரணில் இருந்து ஒரு திரைப்பெட்டியை இறக்கி மாட்டினேன். எல்லாம் உடனே வேலை செய்தது. பச்சை எழுத்தில் கார்டு ஒரு கேள்வி கேட்டது: உள்ளே ஒன்றும் இல்லை, புதிதாகத் தயார் செய்யவா? வேண்டாம் என்ற விசையை அழுத்தினேன். மறுபடி கேட்டது. அணைத்துவிட்டேன். நான் இதுவரை அடையாளம் கண்ட கார்டுகளில் இவ்வளவு திட்டவட்டமாகத் தெரிந்துகொண்ட கார்டு வேறு இல்லை.

வியாழக்கிழமை மனைவி மாடிக்கு வந்து, மேசையைப் பார்த்து, என்னையும் பார்த்தாள். "நீங்களே அவ ஊட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. கூப்பிட்டு உட்டுச் சொல்லாதீங்க," என்றாள்.

போனேன். அவர் கேன்டீனில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நான் விதியைப் பற்றி ஆரம்பித்தேன். பேட்டரி கசிவைப் பற்றிச் சொன்னேன். நடுவில் அவர் நிறுத்தினார்.

"நம்பர் இருக்காண்ணே, இல்லையா?"

"இல்லீங்க. நான்தான் அழிச்சுட்டேன்."

அவர் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் குழந்தை மட்டுமா, எல்லாருடையதுமா என்று கேட்டார். எல்லாருடையதும் என்றேன். அதற்குத்தான் அவர் முகம் மாறியது. மேலே எஸ்டேட்டில் இதைச் சொல்ல வேண்டியவர்களின் முகங்கள் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கடைசி நாளுக்கு முந்தின சனிக்கிழமை அவரோடு நானும் புறப்பட்டேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு சோதனைச்சாவடி. கணினியை நான் மடியில் வைத்திருந்தேன். மறையூர் தாண்டியதும் மஞ்சு இறங்கியது. எஸ்டேட்டில் உபதேசியாரின் மனைவி வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். மெலிந்த, சத்தமில்லாத பெண். நடந்ததை நான் சொன்னேன். கேட்டுவிட்டு, பெட்டியை அதன் பழைய இடத்தில் வைத்து, துணி போட்டு மூடினார்.

"ஒரு வாரங்கூட நாங்க விடல சார்," என்றார். "அவர அடக்கம் பண்ணுன வாரமும் போட்டோம்."

ஞாயிறு காலை செபம் முடிந்ததும் எல்லாரும் சரிவுக்கு இறங்கினார்கள். பெரியவர்கள் குழிகளுக்குச் சிலுவைகள் இருந்தன. அவற்றில் சிக்கல் இல்லை. குழந்தைகள் மூலையில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். நான்தான் காரணம் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இரண்டு பேர் மட்டும் நினைவில் இருந்து இடத்தைச் சொன்னார்கள். சொன்ன இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சி நட்டார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உபதேசியாரின் டேப் எல்லைத் தூணின் மேல் சுருட்டியபடியே இருந்தது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று தெரியவில்லை.

தோண்டியபோது அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஈர மண் முப்பது வருடத்தில் எதையும் விட்டுவைக்காது. தேயிலைப் பெட்டிகளின் ஓரத்தில் அடிக்கிற தகரப்பட்டைகள் துருவேறி வந்தன. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரிப் பெட்டியில்தான் போயிருந்தன. எந்தத் தகரம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? மண்ணையும் தகரத்தையும் கூடைகளில் அள்ளி மேலே புது இடத்தில் ஒரே குழியில் இட்டார்கள். அந்தப் பெண் ஒரு கூடையைத் தானே சுமந்தார்.

குழியைச் சுற்றி அவரவர் கொண்டுவந்த தகரச் சிலுவைகளை நட்டார்கள். இவருடைய அண்ணன் ஒன்று வெட்டி வைத்திருந்தார். வெள்ளை பெயின்டும் மெல்லிய பிரஷும் அவரிடம் இருந்தன. பெரியவர்களின் சிலுவைகள் எல்லாவற்றிலும் செக்ரோல் நம்பருக்குக் கீழே தேதி இருந்தது. இவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தகரத்தையும் பிரஷையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"ஒங்க கையெழுத்து நல்லாருக்கும்னு அக்கா சொல்வாங்க. நம்பர் எழுதிட்டு, அடியில தேதி போடுங்கண்ணே."

தேதியும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது என்றேன். தெரியும் என்றார். உங்களுக்கு நினைவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வேலை நிரந்தரமான வருடம் என்றார். அந்த வருடம் அவருக்குத் தெரியும். வெளியே நிற்காமல் மழை என்றார். கணவர் அன்று வீட்டில் இருந்தார், கோயில் மணி அடித்தது, ஆகவே ஞாயிறு. அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்ததாகச் சொன்னார்.

"அப்ப வருசம் மட்டும் போடட்டுங்களா?"

"எல்லாருக்கும் தேதி இருக்கு. எம்புள்ளைக்கி மட்டும் இல்லாம இருக்க வேண்டாம். நீங்க தேதியெல்லாம் அறிஞ்சவரு. ஒண்ணு போடுங்க."

நோட்டின் பின்பக்கத்தில் அந்த வருடத்து நாட்காட்டியைப் போட்டுப் பார்த்தேன். மழைக்காலம் என்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுத்தால் பதின்மூன்று ஞாயிறுகள் வந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பக்கத்தில் நின்று காத்திருந்தார். என் வாழ்நாளில் தெரிந்தே தப்பான தேதி ஒன்றை நான் எழுதியதில்லை. தூறல் பெயின்டில் விழாமல் அண்ணன் குடை பிடித்தார். ஏழாவது ஞாயிற்றை எழுதினேன்.

அவர் எழுத்துக்கூட்டி அதைப் படித்தார். இன்னொரு முறை படித்து மனதில் வைத்துக்கொண்டார். பிறகு நட்டார்.

இந்த ஆண்டு அந்தத் தேதி வந்தபோது அவர் கேன்டீனில் விடுப்புச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்திக் கட்டு ஒன்றோடு மலைக்குப் போனார். போகும் வழியில் எங்கள் வீட்டில் நின்று, என் மனைவியிடம், இன்றைக்குத்தான் பையனுடைய நாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று என் நோட்டில் மழையின் அளவும் கரண்டு போன நேரமும் இருக்கின்றன. வேறு எதுவும் எழுதவில்லை.